அத்தை திட்டாத நூற்றுப் பதினெட்டு நாள்

சர்க்கரை ஜாடி உடைந்த சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்டிருக்கும். ஆனால், அதைத் தொடர்ந்து வரவேண்டிய சத்தம்தான் வரவில்லை.

சமையலறையின் நடுவில், காலைச் சுற்றிக் கண்ணாடிச் சில்லும் சர்க்கரையுமாக, அந்த வீட்டு மருமகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். சாதாரண ஜாடியா அது! அத்தை முப்பத்திரண்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அன்று, உடன் வேலை பார்த்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கித் தந்தது. அத்தையைத் தவிர வேறு யாரும் அதை இடம் மாற்றி வைப்பதே இந்த வீட்டில் குற்றம். அதைத்தான் அவளுடைய வலது கை, அவளைக் கேட்காமலே வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டி இழுத்து, தரையில் போட்டு உடைத்திருந்தது.

'இதோ வரப்போகிறது' என்று காத்திருந்தாள். ஒன்று... இரண்டு... மூன்று...

அத்தை வந்து நின்றார். கம்பியே இல்லாமல் அடுத்த ஊருக்குக் கேட்கும் குரல் என்று வேலை பார்த்த இடத்தில் பெயர் வாங்கியவர். அவருடைய உதடு துடித்தது. கழுத்து நரம்பு ஒருமுறை எழுந்து அடங்கியது. பார்வை ஜாடியிலிருந்து மருமகளின் வலது கைக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"பரவாயில்லம்மா," என்றார். "கால்ல குத்திக்கப் போவுது. அப்படியே நில்லு, நான் பெருக்கிடறேன்."

பரவாயில்லம்மா!  இத்தோடு நூற்றுப் பதினெட்டு நாள். அத்தை அவளைத் திட்டி நூற்றுப் பதினெட்டு நாள் ஆகிவிட்டது.

வேறொரு மருமகளாக இருந்தால் தெருவுக்கே இனிப்பு கொடுத்திருப்பாள். இவள் நிலைமை வேறு. இவள் பிழைப்பே அந்தத் திட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் ஒரு வார இதழில் குடும்பத் தொடர்கதை எழுதுகிறவள். கதை என்றால், ஒரு பெரிய வீடு, அதில் ஒரு மாமியார், ஒரு மருமகள், வாரத்துக்கு இரண்டு பேராவது விம்மி அழ வேண்டும். வாசகிகள் கைக்குட்டையோடு உட்கார்ந்து படிப்பார்கள் என்று கேள்வி. அவளுடைய நாத்தனார் அவளுக்கு 'கண்ணீர் கம்பெனி' என்று பெயர் வைத்திருந்தாள். அந்தக் கம்பெனிக்கு மூலப்பொருள் மொத்தமும் அத்தையின் வாய்தான். காலையில் அத்தை சமையலறையில் சொன்னதைப் பகலில் கொஞ்சம் மசாலா தூவி, கதையில் வரும் மாமியாரின் வாயில் போட்டுவிடுவாள். வியாழக்கிழமை இதழ் வந்ததும் முதலில் பிரிப்பது அத்தைதான். படித்துவிட்டு, "ம்க்கும்... நான் இதைவிட நல்லாவே சொன்னேனே!" என்று முணுமுணுத்துக்கொண்டு மடித்து வைப்பார். அதற்குமேல் இரண்டு பேரும் அதைப்பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

நாலு மாதத்துக்கு முன்பு, கதை இருபத்து நான்காவது வாரத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, அவள் அடுப்புக்கு முன்னால் வலிப்பு வந்து விழுந்தாள். வாழ்க்கையில் முதல் தடவை. புருவத்துக்கு மேலே மூன்று தையல். டாக்டரம்மா காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை நல்ல மாத்திரைதான். அதன் பிறகு அவள் விழவே இல்லை. ஆனால் வார்த்தைகள் விழுந்துவிட்டன.

முதலில் சின்னச் சின்ன வார்த்தைகள் காணாமல் போயின. 'கரண்டி' என்று சொல்ல நினைத்து, "அதுதான்... கிண்டறது... நீளமா..." என்று கையால் காற்றைக் கிண்டுவாள். அப்புறம் உவமைகள் போயின. அப்புறம் கோபம், அழுகை எல்லாம் பஞ்சுப்பொதிக்குள் வைத்த மணிபோல ஆகிவிட்டன. கதைக்குள் மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "சரிங்க", "நல்லதுங்க" என்று பேச ஆரம்பித்தார்கள்.

போன வாரம் ஆசிரியர் தொலைபேசியில் வந்தார். எவ்வளவோ மென்மையாகத்தான் சொன்னார்.

"அம்மா, இந்த வாரம் ஜன்னல் திரையைத் துவைக்கலாமா வேண்டாமான்னு ரெண்டு பக்கம் பேசறாங்க..."

"ஆமாங்க சார்."

"கடைசியில வேண்டாம்னு முடிவு பண்றாங்க."

"திரை சுத்தமாத்தான் சார் இருந்துச்சு..."

ஒரு பெருமூச்சு கேட்டது. "இன்னும் பன்னிரண்டு வாரம் பாக்கி இருக்கும்மா. இப்படியே போனா வாசகிங்க தூங்கிடுவாங்க. ரெண்டு வாரம் பார்க்கிறேன். இல்லேன்னா வேற யாரையாவது விட்டு முடிச்சிடலாம். தப்பா எடுத்துக்காதீங்க."

தன் வீட்டுக் குழந்தையை வேறு யாரோ குளிப்பாட்டி முடிக்கப் போகிறார்கள் என்று கேட்டதுபோல இருந்தது. இதை டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லலாமே என்றால், அதற்கும் வெட்கம். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவரிடம் போய் உவமை வரவில்லை என்று நிற்க முடியுமா?

அதனால் அவளே ஒரு வைத்தியம் பார்த்தாள். காலை மாத்திரையை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை முழுங்கி, மறு பாதியைப் பொத்தான் டப்பாவில் போட்டுவிடுவாள். ஒன்பது நாளாக இந்த வைத்தியம் நடக்கிறது. வார்த்தை ஒன்றும் வரவில்லை. கைதான் இரண்டு நாளாக வெட்ட ஆரம்பித்திருந்தது. இன்றைக்கு ஜாடியும் போயிற்று.

அத்தை பெருக்கி முடித்து, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தேநீர் கொடுக்கலாம் என்று அவள் பின்னாலேயே போனாள். உள்ளே அத்தை தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குரலுக்குச் சாத்திய கதவெல்லாம் ஒரு கதவா!

"அண்ணே... நான்தான். இனிமே இந்த வீட்ல என்னால முடியாதுண்ணே. நாலு மாசம்! நாலு மாசமா வாயை மூடிக்கிட்டு இருக்கேன். அவ மூஞ்சியைப் பார்க்கறப்ப எல்லாம் நெஞ்சை என்னவோ பண்ணுது... இல்ல, யார்கிட்டயும் சொல்லல. பதினோரு மணி வண்டிக்கு வந்துடறேன். அண்ணிகிட்ட சொல்லி வை..."

அவள் தேநீரைக் கதவோரம் தரையில் வைத்தாள். 

அப்படியானால் அவள் பயந்ததுதான் சரி! திட்டுவதற்குக்கூட லாயக்கில்லாத மருமகள் என்று அத்தை அவளைக் கைகழுவிவிட்டார். முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல், சொந்த வீட்டை விட்டு, அறுபத்தெட்டு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்புகிறார்... அவள் கதையாக இருந்தால் இந்த இடத்தில் 'அடுத்த வாரம்' என்று போட்டிருப்பாள். வாழ்க்கையில் அப்படிப் போட வழியில்லை.

அவர் ஏன் போக வேண்டும்? போக வேண்டியவள் நான்தானே! அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜைக்குப் போனாள். ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, அத்தை கிளம்புவதற்கு முன்னால் தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தாள். கதைகளில் எத்தனை மருமகள்களை இப்படிக் கடிதம் எழுத வைத்திருக்கிறாள்! கண் மூடித் திறப்பதற்குள் எழுதிவிடலாம்.

'அன்புள்ள அத்தைக்கு, நான் இந்த வீட்டுக்கு ஒரு' என்று எழுதினாள். அதோடு நின்றுவிட்டது.

ஒரு... என்ன அது? தலையில் இருக்கும்... தூக்க முடியாமல் இருக்கும்... மூட்டை? இல்லை, மூட்டை இல்லை. கால் மணி நேரம் காகிதத்தையே பார்த்தாள். தியாகம் செய்யப் புறப்பட்டவளுக்கு ஒரு வார்த்தை கிடைக்காமல் தியாகம் பாதி வழியில் நின்றது. கடைசியில் எழுந்து, கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்த நாத்தனாரிடம் போனாள்.

நாத்தனாருக்கு வயது இருபத்தொன்பது. மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. டாக்டர் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்ததால், உலகத்தில் தனக்குத் தெரியாத ரகசியமே இல்லை என்று நினைப்பவள்.

"ஏம்மா... ஒரு வார்த்தை வேணும். தலைமேல வெச்சா அழுத்துமே... மத்தவங்களுக்கு நம்மளால வருமே..."

"பேனா, அண்ணி?"

"பேன் இல்லடி. கனமா..."

"பாரமா?"

"ஆங்! பாரம்! நீ நல்லா இருப்படி," என்று அவள் திரும்பினாள்.

சீப்பு அந்தரத்தில் நின்றது. "அண்ணி, நில்லுங்க. 'பாரம்' எதுக்கு? கதையிலதான் நாலு மாசமா யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லையே. திரைகூட சுத்தமா இருக்கே!"

"ஒண்ணுமில்ல... சும்மாதான்."

"சும்மா 'பாரம்'னு எழுதறவங்க மூக்கு ஏன் சிவந்திருக்கு? அண்ணே! அண்ணே, இங்க வாயேன்!"

அண்ணன் வந்தார். மருமகளின் கணவரான அவர் மின்தூக்கி பழுது பார்ப்பவர். நாளெல்லாம் பன்னிரண்டு மாடி ஏறி இறங்கினாலும் குரல் மட்டும் தரைத்தளத்தைத் தாண்டாது. ஒரு காலுறையை மாட்டி, மற்றதைக் கையில் வைத்திருந்தார். அதே நேரத்தில் அத்தையின் அறைக் கதவு திறந்தது. ஒரு கையில் பெட்டி. மறு கையில் பொத்தான் டப்பா.

பெட்டியைப் பார்த்ததும் அவளால் அடக்க முடியவில்லை.

"அத்தை... போகாதீங்க அத்தை! நீங்க எதுக்கு போகணும்? இது நீங்க கட்டிக் காத்த வீடு. நான்தான் உங்களுக்கெல்லாம்..." வார்த்தை மறுபடியும் நழுவியது. அவள் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாரம்," என்று நாத்தனார் எடுத்துக் கொடுத்தாள்.

"...பாரம்! நான் போயிடறேன் அத்தை. என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காம நீங்க..."

 அத்தை பெட்டியைக் கீழே வைத்தார். டப்பாவைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தார். கறுப்பும் வெள்ளையுமாகப் பொத்தான்கள் உருண்டன. அவற்றின் நடுவே ஒன்பது அரை நிலாக்கள்.

"ரவிக்கைக்கு ஒரு பொத்தான் தேடப் போனேன்," என்றார் அத்தை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "இது என்ன?"

நாத்தனார் குனிந்து பார்த்து, ஒன்றை எடுத்து, முகம் வெளுத்து நிமிர்ந்தாள். "அண்ணி! இது உங்க காலை மாத்திரை..."

"அத்தை, நான் வந்து..."

அவ்வளவுதான். நூற்றுப் பதினெட்டு நாள் அணை உடைந்தது.

"ஏண்டி! அறிவுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு? பாதி மாத்திரை முழுங்கறியே, நீ என்ன பாதி மனுஷியா? ஜாடியைப் போட்டு உடைச்சப்பவே நெனச்சேன், கை ஏன் இப்படி வெட்டுதுன்னு. ஜாடி போனா போவட்டும். அது கண்ணாடி. கடையில கெடைக்கும். உன்னை எந்தக் கடையில போயிடி நான் வாங்குவேன்? அன்னிக்கு அடுப்பங்கரையில நீ விழுந்தப்ப உன் தலையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தது யாரு? இவனா? இவன் எங்கேயோ ஒன்பதாவது மாடியில தொங்கிக்கிட்டிருந்தான்! ஆம்புலன்ஸ் வர்றதுக்கு பதினெட்டு நிமிஷம். பதினெட்டு நிமிஷமும் கடிகாரத்தையும் உன் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்த்தேன்டி நான்! முப்பத்திரண்டு வருஷம் ஊரு பூரா லைன் போட்டுக் குடுத்தவ... அன்னிக்கு மூணு நம்பர் அழுத்த என் கை வரலடி... மூணே மூணு நம்பர்!"

அத்தையின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. குரல் மட்டும் இறங்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

"இப்ப பாதிப் பாதியா உடைச்சு பொத்தானோட போட்டு வெச்சிருக்கா! எதுக்குடி? கதைக்கா? ஊர்ல இருக்கறவங்க அழறதுக்கு எழுதறேன்னு, வீட்ல இருக்கறவங்களை அழ விடறதுக்கு உனக்கு யாருடி சொல்லிக் குடுத்தது?"

சொல்லிக்கொண்டே வந்த அத்தை சட்டென்று நின்றார்.

மருமகள் அழுதுகொண்டிருந்தாள். கன்னமெல்லாம் நனைந்து வழிந்துகொண்டிருந்தது. ஆனால் அவளுடைய கை, பாதியில் நின்ற கடிதத்தின் பின்பக்கத்தில், கிடுகிடுவென்று எழுதிக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி! நான் இங்க தொண்டை கிழிய திட்டிக்கிட்டிருக்கேன். நீ எழுதிக்கிட்டா இருக்க?"

"கொஞ்சம் மெதுவா அத்தை..." அவள் விம்மினாள். "'எந்தக் கடையில போயிடி வாங்குவேன்'... அதுக்கு அப்புறம் என்ன சொன்னீங்க?"

 முதலில் சிரித்தது நாத்தனார். அப்புறம் அத்தைக்கு உதட்டோரம் துடித்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அழுகையும் சிரிப்புமாக வந்து, மருமகளின் தலையைப் பிடித்து இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். எழுதிய காகிதம் இரண்டு பேருக்கும் நடுவில் கசங்கியது.

"காகிதம், அத்தை... காகிதம்..."

"சும்மா இருடி! இன்னொரு தடவை திட்டறேன், எழுதிக்க!"

அழுது முடித்து மூக்கைச் சிந்தியதும் அவள் கேட்டாள். "அப்ப... என் மேல வெறுப்பு இல்லையா அத்தை? நாலு மாசமா ஒரு வார்த்தை திட்டலியே நீங்க. 'பரவாயில்லம்மா, பரவாயில்லம்மா'ன்னு... எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

"வெறுப்பா? உன் புருஷனைக் கேளு!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒற்றைக் காலுறையோடு அவர் மெல்லச் சமையலறைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்.

"நில்லுடா!" என்றார் அத்தை. "ஆஸ்பத்திரியில என்னடா சொன்னே?"

"டாக்டர்தான்மா சொன்னாங்க..." என்றார் அவர் தரைத்தளக் குரலில். "அதிர்ச்சி கூடாது, தூக்கம் கெடக் கூடாதுன்னு. நான்தான் உன்கிட்டயும் தங்கச்சிகிட்டயும் சொன்னேன், இனிமே வீட்ல யாரும் திட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாதுன்னு... மெஷின்ல கோளாறுன்னா முதல்ல மெயினை அணைச்சிடணும் இல்லையா..."

"என் வாய் உனக்கு மெயினாடா?"

"இந்த வீட்டுக்கு அதுதானேம்மா மெயின்," என்றார் அவர். பன்னிரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வசனம் அதுதான் என்று அவள் மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

"அப்ப பெட்டி எதுக்கு அத்தை? உங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு போன்ல..."

அத்தைக்கு வெட்கம் வந்தது. அறுபத்தெட்டு வயதில் ஒருவர் வெட்கப்படுவதைப் பார்ப்பது சுகமாக இருந்தது. "பின்னே என்னடி பண்றது? நாலு மாசம் அடக்கி வெச்சா மனுஷிக்கு நெஞ்சு அடைக்காதா? ஒரு வாரம் அங்க போய் என் அண்ணியையாவது நாலு திட்டு திட்டிட்டு வரலாம்னு பார்த்தேன். அவ தாங்குவா. நல்ல உடம்பு."

பிறகு பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தொலைபேசி நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியூருக்குக் கேட்ட அழைப்பு கிடைக்காமல் போனால், எத்தனை மணிக்கு, யாருக்கு, என்ன காரணம் என்று ஒரு பதிவேட்டில் எழுதி, கடைசியில் 'சேரவில்லை' என்று முடிக்க வேண்டும். முப்பத்திரண்டு வருடப் பழக்கம் ஓய்வு பெற்றவுடன் போய்விடுமா? அத்தை தன் வாய்க்குள்ளேயே நின்றுபோன திட்டுகள் அத்தனையையும் அதே முறையில் எழுதி வைத்திருந்தார்.

'7-ஆம் நாள். காலை 6.50. காபியில் சர்க்கரை இல்லை. சொல்ல வந்தது: சர்க்கரை வியாதி எனக்கில்லடி, உன் கைக்குத்தான். காரணம்: மகன் உத்தரவு. சேரவில்லை.'

'31-ஆம் நாள். மாலை 5.20. மழை கொட்டுகிறது, துணி கொடியில். சொல்ல வந்தது: துவைக்கிறது நீ, அலசறதுக்கு மழையை வேலைக்கு வெச்சிருக்கியா? காரணம்: அதே. சேரவில்லை.'

அவள் படிக்கப் படிக்கச் சிரித்தாள். நாத்தனார் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அம்மா, 44-ஆம் நாள் என்னைப்பத்தி இல்ல எழுதியிருக்கே!" என்று கத்தினாள். மருமகள் பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த வரியில் அவள் சிரிப்பு நின்றது.

'62-ஆம் நாள். பகல் 12.40. ஒரு மணி நேரமாக ஒரே வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வார்த்தை வரவில்லை போலிருக்கிறது. சொல்ல வந்தது: ஒன்றுமில்லை. தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும்போல் இருந்தது. திட்டிக்கொண்டே தடவித்தான் எனக்குப் பழக்கம். திட்டாமல் தடவத் தெரியவில்லை. சேரவில்லை.'

அவள் எழுந்து போய், ஜன்னல் பக்கம் நின்ற அந்த முதுகைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

"விடுடி. எதிர்வீட்டுக்காரங்க பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். அடுத்த வாரம் படிக்கப் போறவங்கதானே."

பதினோரு மணி வண்டி அத்தை இல்லாமலே போயிற்று. அதே பதினோரு மணிக்கு நான்கு பேரும் டாக்டரம்மாவின் அறையில், ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாக நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். ஒன்பது பாதி மாத்திரைகள் ஒரு காகிதப் பொட்டலத்தில் மேஜைமேல் இருந்தன.

டாக்டரம்மா முதலில் அவளைக் கடிந்துகொண்டார். "நீங்களா குறைச்சா மறுபடியும் வலிப்பு வரலாம். கை வெட்டறது அதுக்கு முன்னறிகுறி. அதிர்ஷ்டம், ஜாடியோட போச்சு." பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "எதுக்காகக் குறைச்சீங்க?"

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கரண்டி, உவமை, ஜன்னல் திரை எல்லாவற்றையும்.

"இதை முதல் மாசமே ஏம்மா சொல்லல? இந்த மாத்திரையில சிலருக்கு வார்த்தை தடுமாறும். மனசு மந்தமாகும். நாங்களே கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியது. போன தடவை கேட்டப்ப 'நல்லாயிருக்கேன்'னு சொன்னீங்களே!"

"கதை வரலேன்னு எல்லாம் டாக்டர்கிட்ட சொல்லலாமான்னு..."

"நடக்க முடியலேன்னா சொல்லுவீங்கதானே? அப்புறம் என்ன? வேற மாத்திரை இருக்கு. ஒரே நாள்ல மாத்த முடியாது. இதை மெதுவாக் குறைச்சு, அதை மெதுவா ஏத்தணும். ஏழெட்டு வாரம் ஆகும். எல்லாம் பழையபடி வந்துடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பார்த்துப் பார்த்து சரி பண்ணலாம். ஆனா ஒரு துண்டுகூட நீங்களா உடைக்கக் கூடாது."

"உடைச்சா கையை உடைப்பேன்," என்றார் அத்தை. பிறகு டாக்டரம்மா பக்கம் சாய்ந்து, மிகவும் பணிவாகக் கேட்டார். "அம்மா... இவளைத் திட்டலாமா?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. விஷயத்தைச் சொன்னதும், கணவர் பக்கம் திரும்பினார். "தூக்கம் கெடக் கூடாதுன்னு சொன்னேன். திட்டக் கூடாதுன்னு எப்ப சார் சொன்னேன்?"

கணவர் தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"தூங்கற நேரம் தவிர மத்த நேரம் தாராளமா திட்டுங்க," என்றார் டாக்டரம்மா.

மருந்துச் சீட்டில் அதையும் எழுதித் தரச் சொல்லி அத்தை கேட்டார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே எழுதித் தந்தார். அந்தச் சீட்டைப் படித்துச் சொல்ல மட்டும் நாத்தனாருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் கடையில் இல்லாத மருந்தாயிற்றே!

அந்த வாரக் கதையில் ஒரு சர்க்கரை ஜாடி உடைந்தது. கதையில் வரும் மாமியார், நாலு மாதத்துக்குப் பிறகு, வாயைத் திறந்தார். 'எந்தக் கடையில் போயிடி நான் உன்னை வாங்குவேன்?' என்ற வரிக்குக் கீழே ஓவியர் படம் போட்டிருந்தார். ஆசிரியர் தொலைபேசியில் வந்து, "அம்மா, அச்சுக் கோக்கறவர் அழுதுட்டார்மா!" என்று உற்சாகமாகக் கத்தினார். வேறு ஆளை விட்டு முடிக்கும் பேச்சு அதோடு நின்றது.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வார்த்தைகள் படை திரட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடவில்லை. மாத்திரை மாறிய எட்டு வாரத்தில் ஒன்று ஒன்றாக, விருந்துக்குத் தாமதமாக வருகிறவர்கள்போலத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தன. சில வார்த்தைகள் இன்னும் வரவில்லை. முன்பு ஒரு நாளைக்கு நாலு பக்கம் எழுதியவள், இப்போது ஒரு பக்கத்தோடு எழுந்துவிடுகிறாள். வராத வார்த்தைக்காகக் கால் மணி நேரம் உட்கார்ந்து அழுவதை விட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுத் தாண்டிப் போகப் பழகினாள். சாயங்காலம் அத்தை சிவப்புப் பென்சிலோடு உட்காருவார்.

"இது என்ன கோடு?"

"கதவுல இருக்குமே அத்தை, இரும்புல, இழுத்துப் போடறது..."

"தாழ்ப்பாள். இது?"

"கோபம் வந்தா மூக்கு இப்படி இப்படி..."

"விடைக்கும். ஏண்டி, உன் கதையில பாதி வார்த்தை என்னுது. பேரு மட்டும் உன்னுதா?"

ஐம்பத்திரண்டாவது வாரம், கடைசி அத்தியாயத்தில், ஒரே ஒரு கோடு மிச்சமிருந்தது. மருமகள் மாமியாரின் தோளில் சாய்கிறாள். 'நாலு மாதத்தில் முதல் முறையாக அவளுக்கு' என்று தொடங்கி, ஒரு கோட்டில் முடிந்திருந்தது.

அத்தை பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். நிம்மதி என்றார், இல்லை என்றார். ஆறுதல் என்றார், அதுவும் இல்லை என்றார். கடைசியில் பென்சிலைக் கீழே போட்டார்.

"கோடாவே இருக்கட்டும்டி. படிக்கிறவங்க போட்டுக்கட்டும்."

ஆசிரியரும் அப்படியே போட்டார். பத்தே நாளில் இதழ் அலுவலகத்திலிருந்து ஒரு மூட்டைக் கடிதம் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வார்த்தை. மருத்துவமனையில் மாத்திரை தின்றுகொண்டிருந்த ஒருத்தி எழுதியிருந்தாள், விமானத்தில் பணிபுரியும் ஒருத்தி எழுதியிருந்தாள், மாமியாரும் மருமகளுமாகச் சேர்ந்து ஒரே தாளில் இரண்டு வார்த்தை எழுதி, எது சரி என்று சண்டை போட்டிருந்தார்கள். நாலு பேரும் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒன்று விடாமல் சத்தமாகப் படித்தார்கள். அத்தைக்கு மிகவும் பிடித்தது, பெயர் போடாத ஒருவர் எழுதியது: 'நாலு மாதத்தில் முதல் முறையாக அவளுக்குப் பசித்தது.'

"பார்த்தியா! இவதான்டி புரிஞ்சுக்கிட்டவ," என்றார் அத்தை.

அன்று அந்தக் கடிதத்தை நீள நோட்டுக்குள் பத்திரப்படுத்தப் போனபோதுதான், மருமகள் அதில் கடைசியாக எழுதியிருந்த பக்கத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு எல்லாம் வெறும் தாள்தான். பதிவேடு அந்த ஒரு வரியோடு முடிந்திருந்தது.

'118-ஆம் நாள். காலை 9.15. பேசியது: முழுவதும். சேர்ந்தது.'

சமையலறையிலிருந்து குரல் வந்தது. எதிர்வீட்டு ஜன்னல் வழக்கம்போலத் திறந்துகொண்டது.

"ஏண்டி! மணி எட்டாச்சு, மாத்திரை யாரு போடுவா? உன் கதையில வர்றவளா?"

"வந்துட்டேன் அத்தை!" என்று அவள் நோட்டை மூடிவிட்டு ஓடினாள். வழியில் மேஜையிலிருந்த பென்சிலை எடுத்துக்கொள்ளவும் மறக்கவில்லை.